வீட்டுக்கு முன்னால் மனை



"அரசு வீட்டுத் திட்டங்கள்: சாதனைகளும் சவால்களும்" என்று இந்த வாசகர் வட்டக் கூட்டத்தின் நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். சாதனையைப் பேச எனக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். நான் மனையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலில் பேர் ஏற வேண்டுமென்றால் முதலில் கேட்பது பட்டா. வாய்க்கால் கரையில் இருக்கிறவனிடம் பட்டா ஏது? ஆற்றுப் படுகையில் இருக்கிறவளிடம்? கோயில் அடிமனையில் தாத்தா காலத்திலிருந்து வாடகை கட்டுகிறவரிடம்? அவர்கள் வீட்டுக் கீற்றும் ஐப்பசியில் ஒழுகத்தான் செய்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டா இருக்கிறதா என்று விசாரித்துவிட்டா கூரையைத் தூக்கியது?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அரசு கட்டச் சொல்லும் வீடு ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அந்த ஒரு சென்ட் இல்லாததால்தான் இத்தனை பேர் வரிசைக்கு வெளியே நிற்கிறார்கள்.

இது இந்த மண்ணுக்குப் புதுசா? நாம் கீழத்தஞ்சைக்காரர்கள். பண்ணையாள் குடிசை போட்டிருந்த இடம் மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. அப்படிக் கூலி கேட்ட தகராறில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். அதற்குப் பிறகு, 1971-ல், குடியிருப்புச் சட்டம் வந்தது. குடியிருந்த மனையைக் குடியிருந்தவனுக்கே சொந்தமாக்கிய சட்டம். ஒரு செங்கல்கூடத் தரவில்லை, மண்ணைத் தந்தது. போ என்று சொல்ல ஆளில்லாமல் செய்தது. என் கணக்கில், நம் பக்கத்தில் நடந்த மிகப் பெரிய வீட்டுத் திட்டம் அதுதான். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா 1981-ல் லாஃப்டி என்ற நில இயக்கத்தைத் தொடங்கியபோதும் முதலில் நிலத்தைத்தான் வாங்கினார். பெண்கள் பேரில் பதிவு செய்தார். செங்கல் வீடெல்லாம் பிறகு வந்தது.

சரி, பட்டா இருக்கிறது, பேரும் வந்துவிட்டது. அப்புறம்? 3.5 லட்சத்தை 360-ஆல் வகுங்கள், சதுர அடிக்கு 972 ரூபாய். இந்த விலைக்கு வேலை எடுக்கிற மேஸ்திரி யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் கையைத் தூக்கட்டும். யாரும் தூக்கவில்லை, சிரிப்புதான் வருகிறது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 2016-ல் வைத்த 1.20 லட்சம் இன்னும் அப்படியே இருக்கிறது. கூரைக்கென்று மாநில அரசு தனியாகக் கொடுப்பதால்தான் அந்த வீடுகள் எழும்புகின்றன. அதுவும் ஓவர்சியர் வந்து வேலை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பில். அஸ்திவாரத்துக்குத் தோடு அடகுக்குப் போகும், லிண்டலுக்கு மகளிர் குழுக் கடன். வீடு முடிகிறபோது புதுக் கதவுக்கு வெளியே வட்டிக்காரர் நிற்பார்.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் ஊராட்சிக்குரிய 29 பொருள்களில் பத்தாவது, கிராம வீட்டுவசதி. நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. வருகிற அக்டோபர் 2-ஆம் தேதி சபையில், மேலிருந்து வந்த பயனாளிகள் பட்டியலுக்குக் கைதூக்கிவிட்டு மிக்சர் பொட்டலத்தோடு திரும்பாதீர்கள். பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியல் ஒன்றை நாமே வைப்போம். எந்தப் புல எண், நத்தமா, புறம்போக்கா, கோயில் மனையா, எத்தனை வருஷக் குடியிருப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நீர்நிலையில் பட்டா தர முடியாதென்றால் மாற்று மனை எங்கே என்று கேட்போம். முதல் பில்லை அஸ்திவாரத்துக்கு முன்பே கொடுங்கள் என்றும் எழுதுவோம்.

இதையெல்லாம் எழுதிய தீர்மானத்தின் நகல் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேர் சேர்க்க வேண்டியவர்கள் மின் கட்டண ரசீதும் குடும்ப அட்டையும் எடுத்து வாருங்கள், பூர்த்தி செய்ய இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.