திண்ணைக்கு வாடகை இல்லை



‘ஏற்காட்டுக்காரர்தானே, மலையைப் பத்திப் பேசுங்க’ என்று செயலாளர் சொல்லிவிட்டார். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் நீங்கள் பார்த்தவை. அதை விட்டுவிடுகிறேன்.

எங்க ஊர் டவுனிலிருந்து காப்பித் தோட்டங்கள் வழியாக இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய மலைக்கிராமம். எங்களை மலையாளி என்பார்கள். கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. (பி.யு.சி. முதல் நாள் ஒருத்தர் என்னிடம் மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கா?) காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினதாகப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். சாமையும் கேழ்வரகும் எங்க வெள்ளாமை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அப்புறம் துரைமார் தோட்டங்கள் வந்தன, எங்க ஜனம் கூலிக்குப் போனது. பங்குனியில் ஒரு மழை பெய்தால் போதும், பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகை மாதிரி வாசம்.

டவுனில் ஓடு வேய்ந்த ஒரு விடுதி இருந்தது. போர்டுகூடக் கிடையாது. முன்னால் சாப்பாட்டுக் கடை, பின்னால் நாலு அறை, பக்கவாட்டில் நீளத் திண்ணை. அறைகள் காப்பி, மிளகு, ஆரஞ்சு வாங்க வரும் வியாபாரிகளுக்கு. திண்ணை எங்களுக்கு. ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று சேலம் போய்த் திரும்புகிற மலைக்காரன் இருட்டில் ஊருக்கு நடக்க முடியாது, காட்டெருமை நிற்கும். திண்ணையில் படுத்துக்கொள்வான். வாடகை இல்லை. ராத்திரிச் சாப்பாடு அங்கேயே சாப்பிடணும், அவ்வளவுதான் கண்டிஷன். காசில்லாதவனிடம் அந்தக் கண்டிஷனும் கிடையாது.

கடைக்காரப் பெரியவர் ஓமலூர்ப் பக்கத்து ஆள். அடிவாரத்தில் ஒரு கடையில் எங்கப்பாவைத் தரையில்தான் உட்காரச் சொல்வார்கள். இவர் கடையில் வியாபாரிக்குப் பக்கத்திலேயே இலை போடுவார். எழுபதுகளில் இது சின்ன விஷயமா, நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் நடந்து வந்து திண்ணையில் படுத்து, திங்கள் முதல் பஸ்ஸில் காலேஜுக்கு வருவேன். புஸ்தகத்தை எடுத்தால், ‘ஏன் கண்ணு, பரீட்சையா? லைட்டு எரியட்டும்’ என்பார். அந்த ஒரு பல்பில் படித்து எங்க ஊரிலிருந்து நாலு பேர் பட்டம் வாங்கினோம். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழா என்றால் திண்ணையில் கால் வைக்க இடமிருக்காது. குகைக்குள்ளே இருக்கிற சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாக வந்து படுப்பார்கள்.

பெரியவர் காலமானதும் இடம் கைமாறியது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். ரோடு வந்தாச்சு, வேன் வந்தாச்சு, திண்ணை எதுக்கு என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் போன வருஷம் கோடை விழா சமயம், மருந்துப் பையோடு எங்க ஊர்ப் பாட்டி ஒருத்தி கடைசி வண்டியை விட்டுவிட்டு, பூட்டின கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் லாட்ஜ். ஒரு ராத்திரி வாடகை அவளுடைய ஒரு மாசக் கூலிக்கு மேலே. என் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊரில் விட்டேன். வழியெல்லாம் அந்தத் திண்ணையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் வருஷம் நம் வகுப்பு மலைக்கு டூர் வந்து, அந்தக் கடையில் இட்லியைக் காலி செய்தோம். திண்ணையில் உட்கார்ந்து குரூப் போட்டோ எடுத்தோம். என்னிடம் அது இல்லை. யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள். அந்தப் பாட்டி கேட்டிருக்கிறாள்.