கணக்கை 'பப்ளிக்' ஆக்கும் முன்...

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகத் தயாராகிறவங்களுக்கும், அவங்க வீட்டாருக்கும்தான் இந்தப் பேச்சு.

விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், கடந்த 5 ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயரைக் கேட்கிறார்கள். இது 2019 முதலே உண்டு. 2025 ஜூனில் இன்னொன்று சேர்ந்தது: மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை 'பப்ளிக்' ஆக்கி வைக்கணும். அதே ஆண்டு டிசம்பரில் எச்-1பி வேலை விசாவுக்கும், எச்-4 குடும்ப விசாவுக்கும் இது வந்துவிட்டது.

யாரை உள்ளே விடுவது என்பது அந்த நாட்டின் முடிவு. சரி. ஆனால் திறந்த கணக்கை விசா அதிகாரி மட்டுமா பார்ப்பார்? ஊரே பார்க்கும். தங்கச்சியின் பிறந்தநாள் படம், நண்பன் கோபத்தில் போட்ட கமெண்ட், போட்டோவில் தெரியும் வீட்டுக் கதவு எண்... அவங்க யாரும் விசா கேட்கலையே! எனக்கு உறுத்துவது இதுதான்.

அதனால் திறக்கும் முன் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. போன் நம்பர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் படம் இருந்தா எடுத்துடுங்க. மற்றவர் முகம் இருக்கும் படங்களுக்கு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஆனால் படிவத்தில் எந்தக் கணக்கையும் மறைக்காதீங்க. அதுவே விசா மறுக்கக் காரணமாகலாம்.

இன்னொன்று. படிவம் கேட்பது கணக்கின் பெயரைத்தான், பாஸ்வேர்டை இல்லை. "ப்ரொஃபைலை நாங்களே சரிபண்ணித் தர்றோம், பாஸ்வேர்டும் ஓடிபியும் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால், உடனே பிளாக் பண்ணுங்க. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்க.