நெகட்டிவும் ஒரு கணக்குதான்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெஷின் பத்திப் பேசுவான்னு பார்த்தா குழந்தைங்க பேதி பத்திப் பேச வந்துட்டானே!" என்று என் செட் நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். மருத்துவமனை ஆய்வகக் குளிர்பெட்டிகளுக்கு வெப்பநிலைக் கருவி பொருத்துவது என் தொழில். பெட்டிக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்கப் போய்த் தெரிந்துகொண்ட விஷயம் இது.

வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு முதல் வைத்தியம், இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது. ஓ.ஆர்.எஸ். கரைசல், அது முடியாவிட்டால் டிரிப். காரணம் ரோட்டா வைரஸா, வேறு கிருமியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது; மலத்தை எலிசா சோதனை செய்ய வேண்டும். ரோட்டா என்று தெரிந்தாலும் வைத்தியம் அதேதான். பல சமயம் முடிவு வருவதற்குள் குழந்தை வீட்டுக்கே போயிருக்கும். அப்புறம் எதற்கு மெனக்கெட்டு மாதிரி எடுத்து, நம்பர் போட்டு, உறைய வைக்க வேண்டும்?

அந்தக் குழந்தைக்காக அல்ல. இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்காக.

ரோட்டா வைரஸை 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டார்கள். நம் நாட்டில் 2005 டிசம்பர் முதல் 2007 நவம்பர் வரை, 10 மருத்துவமனைகளில் பேதியால் சேர்க்கப்பட்ட, ஐந்து வயதுக்குட்பட்ட 4,243 குழந்தைகளைக் கண்காணித்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. சோதனையில் ஏறத்தாழ 39 சதவீதம் ரோட்டா! இத்தகைய கணக்குகள் தடுப்பு மருந்தின் தேவையைச் சந்தேகமில்லாமல் காட்டின. 2016-ல் நான்கு மாநிலங்களில் அரசின் திட்டத்தில் சொட்டு மருந்து வந்தது. 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இங்கேதான் என்ஜினீயர் மூளைக்கு வேலை. மருந்து பலன் தருகிறதா என்று எப்படி அறிவது? ரோட்டா பாசிட்டிவ் வந்த குழந்தைகளில் எத்தனை பேர் சொட்டு மருந்து குடித்தவர்கள், நெகட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் என்று ஒப்பிட வேண்டும். மருந்து வேலை செய்தால், குடித்தவர்கள் நெகட்டிவ் பக்கம்தான் அதிகம் இருப்பார்கள். ஆக, "ஒண்ணுமில்லை" என்று வந்த ரிசல்ட்டும் பொன்னானது. அதைக் குறிக்காமல் விட்டால் அளவுகோலே போச்சு!

பாதுகாப்பும் இப்படித்தான். அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்ற முதல் ரோட்டா தடுப்பு மருந்து, குடல் செருகல் என்ற கோளாறு காரணமாக 1999-ல் திரும்பப் பெறப்பட்டது. நம் மருத்துவமனைகளும் அதையே உன்னிப்பாகக் கண்காணித்தன. இந்தியத் தயாரிப்பான ரோட்டாவாக் மருந்தால் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்று 2020-ல் முடிவு வெளியாயிற்று.

ஒரு குறை உண்டு. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத குழந்தை இந்தக் கணக்கில் வராது. எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே! லேபில் ரீடிங் எடுக்கும்போது, "இது எதிர்பார்த்த மாதிரி வரலியே" என்று அடித்துவிடாதீர்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். ராத்திரி ட்யூட்டியில் ரிஜிஸ்டரை ஒழுங்காக நிரப்பிய ஒரு நர்ஸம்மாவின் கையெழுத்தும் அந்தச் சொட்டு மருந்தில் இருக்கிறது.