புண்ணும் புதுத்தோலும்
(செஞ்சியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றங்களின் அடியில் வாழும் நம்மவர்க்குக் காலே முதல். நீரிழிவினால் கால் உணர்ச்சி மழுங்கியவர்க்கு முள் தைத்ததும் தெரிவதில்லை. தீச் சுட்டதும் தெரிவதில்லை. சிறு புண் பெரும் புண்ணாகி, ஈற்றில் காலையே இழக்க நேர்கின்றது. ஆதலின் அத்தகைய புண்ணை ஆற்றும் முறையொன்றைக் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

பெரும் புண்ணிற்கு நோயாளியின் தொடையினின்று மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவது வழக்கம். அஃது உடனே இயலாவிடத்துத் தோலுக்குப் பதிலாக நிற்கும் பொருள்களை இடுவர். 1981-இல் அமெரிக்காவில் பர்க் என்னும் வைத்தியரும் யான்னாஸ் என்னும் விஞ்ஞானியும், மாட்டினின்று பெற்ற கொலாஜன் என்னும் புரதத்தைக் கொண்டு செய்த தோலைத் தீப்புண்ணில் இட்டுப் பயன் கண்டதை வெளியிட்டனர். 1948-இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் கொலாஜனால் புண்மூடிகள் ஆக்கும் ஆராய்ச்சி செய்துள்ளது.

நிற்க. இட்ட தோலெல்லாம் பற்றுவதில்லை. நடவு செய்தோர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். நீர் மிகுந்தால் நாற்று மிதக்கும். காற்று அலைத்தால் வேர் பிடியாது. அவ்வாறே தோலின் அடியில் குருதியோ கசிநீரோ தேங்கினும், தோல் சிறிது நகரினும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுள் புகமாட்டா, தோல் மடியும்.

இவ்விரு இடர்களையும் நீக்க உதவுவதே எதிர்மறை அழுத்த சிகிச்சை. தோலின்மேல் ஒட்டாத வலையும், அதன்மேல் நுரைப்பஞ்சும் வைத்து, காற்றுப் புகாத படலத்தால் மூடி, குழாய் வழியே பொறியால் உறிஞ்சுவர். உறிஞ்சும் அழுத்தம் பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் பாதரச அளவாகும். கசிநீர் வெளியேறும், பஞ்சு தோலைப் புண்ணோடு அணைத்து நிறுத்தும். அமெரிக்கரான ஆர்ஜென்டாவும் மோரிக்வாஸும் 1997-இல் இம்முறையை விளக்கி எழுதினர்.

எனினும் இஃது எப்புண்ணிற்கும் ஏற்றதன்று. அழுகிய தசையை அகற்றாமலும், எலும்பின் சீழுக்குச் சிகிச்சை செய்யாமலும், புற்றுநோய்ப் புண்ணிலும் இதனை வைத்தலாகாது. காலுக்கு இரத்தம் வருவது குன்றியிருப்பின் அதனை முதலில் சீர்செய்தல் வேண்டும். சர்க்கரையும் அடங்குதல் வேண்டும்.

வீட்டார்க்கும் கடமை உண்டு. இரைச்சல் தொல்லையென்று பொறியை அணைப்பது பரிவன்று. ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்திற்கு மேல் அது நின்றிருத்தலாகாது. குழாயில் செங்குருதி பெருகின், உடனே உறிஞ்சுதலை நிறுத்தி வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

பொறி எத்துணை நல்லதாயினும் காலங்கடந்து வந்தவர்க்கு என் செய்யும்? ஆகவே நாடோறும் பாதத்தை நோக்குக. புண் கண்டால் பச்சிலை கட்டி நாள் கடத்தாது, முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கேனும் புதுச்சேரி ஜிப்மருக்கேனும் விரைக. வண்டிச் செலவிற்கும் துணையாளுக்கும் வழியின்றிப் பல ஏழைக் குடும்பத்தார் தாமதிக்கின்றனர். திருவிழாவிற்கு வண்டி அமர்த்தும் நம் சங்கத்தார் இவர்க்கும் ஒரு வண்டி அமர்த்துவாராயின், பல கால்கள் தப்பும். இதனை இக்கூட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டுகின்றோம்.