பரணில் கிடக்கும் பிளாப்பி வட்டுகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

கம்பனையும் வள்ளுவனையும் கேட்டுப் பழகிய இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கணிப்பொறி எனினும் இன்றைய கணிப்பொறியைப் பற்றியதன்று என் பேச்சு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் வீடுகளிலும் பள்ளிகளிலும் நுழைந்த சிறு கணிப்பொறிகளுக்கென எழுதப்பட்டு, பிளாப்பி வட்டுகளில் உறைந்து கிடக்கும் நிரல்களை இன்றைய பொறிகளில் மீண்டும் இயங்கச் செய்வது எங்ஙனம் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். இது பழம்பொருள் சேர்ப்போரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தமிழராகிய நமக்கு இதிலே தனிப்பட்டதொரு நட்டம் காத்திருக்கின்றது.

இந்நகரின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். செம்பூரிலும் மாதுங்காவிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வீட்டைக் காலி செய்யும் நாளில் பரணிலுள்ள பொருள்கள் யாவும் கீழே இறங்குகின்றன. பித்தளைப் பாத்திரம் புது வீட்டிற்குப் போகின்றது. தாத்தாவின் புகைப்படமும் போகின்றது. ரப்பர் வளையம் போட்ட கறுப்புச் சதுரங்களின் கட்டு மட்டும் பங்கார்காரரின் மூட்டைக்குள் விழுகின்றது. இப்பெருநகரின் பிளாஸ்டிக் கழிவுகளில் பெரும்பகுதி தாராவியின் 13ஆம் காம்பவுண்டிற்கு வந்து உடைபட்டு, அரைபட்டு, மணிமணியாக உருமாறுவதை நீங்கள் அறிவீர்கள். அத்தொழிலாளர்களின் உழைப்பை நான் குறை கூறவில்லை. அங்கே போய்ச் சேருவதற்கு முன் நாம் ஒரு காரியத்தைச் செய்திருக்க வேண்டும் என்றே கூறுகின்றேன். முற்காலத்தில் ஆடிப்பெருக்கில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். கையிலிருப்பது இன்னதென்று அறியாதவர்கள், அவ்வளவே.

இளைஞர்கள் பிளாப்பி வட்டைக் கண்டிருக்கமாட்டார்கள். கோப்பைச் சேமிக்கும் பொத்தானிலுள்ள படமாகவே அதனை அறிவார்கள். ஐ.பி.எம். நிறுவனம் 1971இல் 8 அங்குல வட்டை வெளியிட்டது. 1976இல் 5¼ அங்குல வட்டு வந்தது. பின்னர் சோனியின் 3½ அங்குல வட்டு. அந்தச் சோனி நிறுவனமே 2011இல் விற்பனையை நிறுத்திவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின்மேல் காந்தப்பொடி பூசிய பூச்சு; அதில் வட்டவட்டமாகத் தடங்கள்; தடந்தோறும் செக்டார் எனப்படும் கூறுகள். நம் நாட்டில் மிகப் பரவலாக வழங்கிய 360 கிலோபைட் வட்டில் பக்கத்திற்கு 40 தடம், தடத்திற்கு 9 கூறு, கூறொன்றுக்கு 512 பைட். இரு பக்கமும் சேர்த்து 3,68,640 பைட். இன்று ஒரு 16 கிகாபைட் பென்டிரைவில் இத்தகைய வட்டுகள் 40,000க்கு மேல் அடங்கும். ஆகையால் இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

1984-85ஆம் ஆண்டில் நடுவணரசு ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைச் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கிற்று. அதற்குத் தேர்ந்தெடுத்த பொறி, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ. மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதனை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கே வழங்கிற்று. 32 கிலோபைட் நினைவகமே கொண்ட அப்பொறியின்முன் அமர்ந்துதான் பல இந்தியச் சிறுவர்கள் முதல் நிரலை எழுதினார்கள். அவ்வாசிரியர்களும் மாணவர்களும் எழுதிய பயிற்சிகள் எத்தனை எங்கே கிடக்கின்றனவோ! அப்பொறியின் 40 தட வட்டில் தடத்திற்கு 10 கூறு, கூறொன்றுக்கு 256 பைட், ஆக 100 கிலோபைட். எழுதும் முறையும் வேறு. கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவினால் இதனைப் படிக்க முடியாது. அது 3½ அங்குல வட்டுக்கு மட்டுமே உரியது.

இனி எமுலேட்டர் என்பதற்கு வருவோம். தெருக்கூத்தில் துரியோதனன் வேடங்கட்டியவர், கூத்து முடியுமட்டும் துரியோதனனாகவே நிற்கின்றார் அல்லவா? அவ்வாறே இன்றைய கணிப்பொறி, பி.பி.சி. மைக்ரோவாகவோ கமடோர் 64ஆகவோ பழைய டாஸ் பொறியாகவோ வேடம் பூணுகின்றது. பழைய பொறியின் ஒவ்வொரு கட்டளையையும் அது அப்படியே நடத்திக் காட்டுவதால், உள்ளே ஓடும் நிரல் தான் 1985இலேயே இருப்பதாக எண்ணிக்கொள்கின்றது! பி.பி.சி. மைக்ரோவுக்குப் பீப்எம், ஜேஎஸ்பீப். டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ். இவை யாவும் விலையின்றிக் கிடைப்பவை. ஆனால் எமுலேட்டருக்கு வாய் இல்லை. பிளாப்பியை அதற்கு ஊட்ட முடியாது. வட்டிலுள்ள அனைத்தையும் ஒரே கோப்பாகப் படியெடுத்துத் தரவேண்டும். இப்படியை வட்டுப்படிமம் என்கின்றோம்.

இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். வட்டிலுள்ள கோப்புகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததென்று வட்டை எறிந்துவிடுகின்றனர். அக்காலத்து நிரலாசிரியர்கள், திருட்டுப் படியைத் தடுப்பதற்காக, வட்டில் வேண்டுமென்றே பிழையான கூறுகளை வைத்தார்கள். நிரல் தொடங்கும்போது அப்பிழை இருக்கின்றதா என்று தேடும்; இல்லையெனில் இயங்க மறுக்கும். கமடோர் 64 வட்டு 35 தடமும் 683 கூறும் கொண்டது. அதன் வழக்கமான டி64 படிமம் 1,74,848 பைட்டில் செய்தியை மட்டும் தாங்கும். காப்புப் பிழைகள் பலவற்றைத் தாங்காது. அவற்றிற்கு ஜி64 என்னும் வேறு படிமம் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதுவோர் தமக்குத் தோன்றியபடி திருத்திய பாடங்களால் பதிப்பாசிரியர் பட்ட பாடு நமக்குத் தெரியும். இங்கும் அதே நெறிதான்: பிழையிருந்தால் பிழையோடு படியெடுக்க வேண்டும். திருத்தம் பின்னர் செய்துகொள்ளலாம்.

இதற்கென்றே கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ் என்னும் சிறு மின்னட்டைகள் உள்ளன. பழைய டிரைவை இவற்றின் வழியாக இன்றைய கணிப்பொறியோடு இணைத்தால், எழுத்தையோ எண்ணையோ தேடாமல், வட்டின் காந்தப்புலம் திசை மாறும் கணங்களையே அளந்து பதிவு செய்கின்றன. பி.பி.சி. வட்டாயினும் கமடோர் வட்டாயினும் இவற்றிற்கு ஒன்றே. 80 தட டிரைவில் 40 தட வட்டைப் படிக்கும்போது ஒரு தடம் விட்டு ஒரு தடம் செல்லுமாறு சொல்ல வேண்டும், அவ்வளவே நுணுக்கம். அட்டையினும் 5¼ அங்குல டிரைவ் கிடைப்பதே அருமை. லாமிங்டன் சாலையில் தேடுவோர்க்கு அதிர்ஷ்டமும் பொறுமையும் வேண்டும்.

ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985இல் அமிகா கணிப்பொறியில் சில படங்கள் வரைந்திருந்தார். அவ்வட்டுகள் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் ஆண்டுக்கணக்கில் உறங்கின. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி மன்றத்தார் அவற்றைப் படியெடுத்து 2014இல் வெளியிட்டனர். படியெடுத்ததோடு வேலை முடியவில்லை. அவர் கையாண்ட வரைநிரல் விற்பனைக்கு வருமுன்னரே அவரிடம் தரப்பட்டது. அதன் கோப்பு வடிவம் எவர்க்கும் தெரியாததாக இருந்தது. அதைத் துருவி அறிந்த பின்னரே படங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. கோப்பு இருந்தும் நிரலின் இயல்பு தெரியாவிட்டால் குருடர் கைக் கண்ணாடிதான்.

தமிழுக்கு இது பன்மடங்கு பொருந்தும். 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டனர். ஆதமி, முரசு, மயிலை எனப் பல. எழுத்துகளை வைத்த இடங்களும் பல. ஒன்றில் ககரமாயிருந்த எண் மற்றொன்றில் வேறெழுத்து. 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்ததெனினும், அது வீட்டுக் கணிப்பொறிகளுக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகளாயின. இடையில் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை ஏற்றது. அயலகத் தமிழர் பலர் டிஸ்கியைக் கையாண்டனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை மயிலையிலிருந்து டிஸ்கிக்கும் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றிக் காத்தனர். அவர்கள் விழித்திருந்தார்கள்; அந்நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. விழிப்பின்றி விடப்பட்ட வட்டிலுள்ள கட்டுரையைத் திறந்தால், ஆங்கிலக் குறிகளும் புள்ளிகளும் கலந்த கூளமே தோன்றும்.

சில பொறிகளில் ‘ஜிஸ்ட்’ என்னும் அட்டையைச் செருகி இந்திய மொழிகளை எழுதினார்கள். ஐ.ஐ.டி. கான்பூரில் முளைத்துப் புனேயின் சி-டாக் வளர்த்த முறை அது. வழக்கமான எமுலேட்டர்கள் அவ்வட்டையை அறியா. நல்வாய்ப்பாக, அதன் எழுத்தேற்பாடான இஸ்கி 1991இல் இந்தியத் தரமாக வெளியிடப்பட்டதால், அட்டவணை கொண்டு மாற்றிவிடலாம். வெளியிடப்படாத தனியார் ஏற்பாடுகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவற்றிற்குத் திறவுகோல் அந்நிரலும் அதனோடு வந்த எழுத்துருவுமே. நம்மவர் செய்வதோ நேர்மாறு! மகளின் திருமண அழைப்பிதழும் தந்தையார் எழுதிய கவிதையும் உள்ள வட்டைப் பத்திரப்படுத்துகின்றனர். ‘பழைய சாஃப்ட்வேர்’ என்று பெயரெழுதிய வட்டை எறிகின்றனர். பூட்டை வைத்துக்கொண்டு சாவியைக் கடலில் போடுவதன்றோ இது! நிரல் வட்டின் படிமம் ஒன்று கிடைத்தால், டாஸ்பாக்ஸில் அதனை ஏற்றி, கோப்பைத் திறந்து, தமிழை அன்றிருந்தபடியே திரையில் காணலாம். எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டு யூனிகோடுக்கு மாற்றவும் செய்யலாம்.

இப்படியெடுத்தல் சட்டத்துக்கு ஒக்குமா என்று வழக்கறிஞர் நண்பர்கள் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலின் படியொன்றை முறைப்படி வைத்திருப்பவர், இழப்பிலிருந்தும் அழிவிலிருந்தும் காக்கும் பொருட்டுத் தற்காலிகக் காப்புப்படி எடுத்துக்கொள்ள இடந்தருகின்றது. ஊரெங்கும் வழங்குவதாயின் உரிமையாளரின் இசைவு வேண்டும்.

வீட்டில் வட்டு அகப்பட்டால் செய்யவேண்டுவன சில. முதலில் எழுத்துத் தடையிடுங்கள்: 5¼ அங்குல வட்டின் ஓரத்து வெட்டை ஒட்டுக்காகிதத்தால் மூடவேண்டும், 3½ அங்குல வட்டிலோ சிறு கதவை நகர்த்தித் துளையைத் திறக்கவேண்டும். ஒன்றில் மூடுவது காப்பு, மற்றொன்றில் திறப்பது காப்பு, மாற்றிவிடாதீர்கள். கணிப்பொறி ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்று பணிவோடு கேட்கும். அந்தப் பணிவிற்கு மயங்கவேண்டா. நம் நான்கு மாத மழைக்காற்றின் ஈரத்தில் வட்டின்மேல் வெண்பூசணம் பூத்திருக்கும். சாளரத்தின் வழியே விளக்கொளியில் பார்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். அத்தகைய வட்டை டிரைவில் இடவே கூடாது. படிக்கும் முனை பூச்சையும் சுரண்டிவிடும். அடுத்த வட்டையும் கெடுக்கும். உறையைப் பிரித்து ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைப்பது பழகியவர் கையால் நடக்கவேண்டிய வேலை.

சங்கத்தின் சார்பில் ஒரு டிரைவும் கிரீஸ்வீசில் அட்டையும் வாங்குவதற்குச் செயற்குழு இசைந்திருக்கின்றது. கணிப்பொறி பயிலும் இளைஞர் சிலர் ஞாயிறு மாலைகளில் அமர்வதாக வாக்களித்துள்ளனர். வட்டுகளைக் கொணர்வோர், எந்தப் பொறியில், எந்த நிரலால், ஏறத்தாழ எந்த ஆண்டில் எழுதியது என்பதை ஒரு தாளில் தனியே எழுதி, வட்டோடு சேர்த்து உறையில் இட்டுத் தாருங்கள். வட்டின்மேல் வைத்துப் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதவேண்டா. அந்நிரலைப் பயன்படுத்திய பெரியவர் வீட்டில் இருப்பாரேயானால், அவரையும் உடன் அழைத்து வாருங்கள். எந்த விசைக்கு எந்த எழுத்து வந்ததென்பது அவர் விரல்களுக்கு நினைவிருக்கும்.