ஐயர்மார் போன பிறகு



கெட்டிக்காரத்தனமும் முரட்டுத்தனமும் சேர்ந்த ஆளைக் கண்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் 'சரியான எம்டன்' என்பார்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊர்ப்பக்கம் ஓடினார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஜெர்மன் யுத்தம், அதாவது முதல் உலக யுத்தம், இன்னோர் இடத்திலும் வந்து விழுந்தது. தரங்கம்பாடி, மாயவரம், தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் சபைகளில் அப்போது ஞானஸ்நானம் கொடுத்தவர் ஜெர்மன்காரர். பள்ளிக்கூடம் நடத்தியவரும் அவர்தான், உபதேசியாருக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்தவரும் அவர்தான். வெள்ளைக்கார மிஷனெரியைச் சபையார் 'ஐயர்' என்று கூப்பிடுவது அந்தக் காலத்து வழக்கம். அந்த ஐயர்மார் ஒரே நாளில் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆகிவிட்டார்கள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர், அனுப்பியவர் டென்மார்க் ராஜா. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சபைகளை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு எழுபது வருஷம் எல்லா முடிவும் லைப்சிக்கில்தான். எந்த ஊருக்கு யார், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அங்கிருந்து கடிதத்தில் வரும். இங்கே ஆயிரக்கணக்கில் விசுவாசிகள், கோவில்கள், நிலங்கள், தமிழ்ப் போதகர்கள். ஆனால் 'திருச்சபை' என்று சட்டப்படி ஒன்று இல்லை. இருந்தது மிஷன்.

யுத்தம் வந்ததும் கடிதம் நின்றது. பணமும் நின்றது. ஜெர்மன் மிஷனெரிகளில் பலரை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். பிறகு 'கோல்கொண்டா' என்ற கப்பலில் குடும்பம் குடும்பமாக ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அதில் போனவர்கள் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள்.

தமிழ்ச் சபைகளுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. சுவீடன் நாட்டு லுத்தரன் மிஷனெரிகள் வெகுகாலமாக லைப்சிக்காரர்களோடு சேர்ந்து இங்கே ஊழியம் செய்தவர்கள். 1901 முதல் மதுரையை மையமாக வைத்துத் தங்களுக்கென்று ஒரு பகுதியையும் நடத்திவந்தார்கள். சுவீடன் யுத்தத்தில் சேராத நாடு, ஆகவே அவர்களை யாரும் தொடவில்லை. கைக்கு எட்டிய அந்தச் சிலர் மொத்த பாரத்தையும் தூக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் பெரிய கேள்வி வந்தது. பத்திரம் யார் பேரில்? கோவில், பள்ளி, மிஷன் பங்களா, காம்பவுண்டு, வயல் எல்லாம் எதிரி நாட்டுச் சங்கத்தின் பேரில் இருந்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம். இது வெறும் பயம் இல்லை, பக்கத்திலேயே நடந்தது. மங்களூர் ஓடு என்று நாம் சொல்கிறோமே, அந்த ஓட்டை மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் சுட்டுப் பேர் வாங்கிய பாசல் மிஷன் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போய்விட்டன. 1919இல் வெர்சாய் உடன்படிக்கை எழுதியபோது அதில் 438ஆவது பிரிவாக ஜெர்மன் மிஷன் சொத்துக்களுக்கென்றே ஒரு வழி வைத்தார்கள். அந்தந்த மிஷனின் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அடங்கிய, சர்க்கார் ஒப்புக்கொண்ட தர்மகர்த்தாக் குழுவிடம் சொத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது அது. உலக யுத்தத்தை முடித்துவைத்த காகிதத்தில் மாயவரம் பள்ளிக்கூடத்துக்கும் பதில் இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அந்த உடன்படிக்கைக்கு முன்பே, 1919 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் நாளை ஒட்டி, லைப்சிக் சபைகளும் சுவீடன் சபைகளும் சேர்ந்து தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின. பெயரிலேயே 'தமிழ்' முதலில் நிற்கிறது. லைப்சிக்கும் இல்லை, சுவீடனும் இல்லை.

1921இல் அதற்கு ஒரு பேராயர் வந்தார். எர்ன்ஸ்ட் ஹியூமன் என்ற சுவீடன்காரர். பட்டம், தரங்கைப் பேராயர். சுவீடன் திருச்சபையில் பேராயர் வரிசை பழைய காலத்திலிருந்து அறுபடாமல் வருவது. லைப்சிக் இருக்கும் சாக்சனியிலோ பேராயர் என்ற பதவியே அப்போது கிடையாது, சபைக்கு மேலே அரசாங்கம்தான். 1918இல் அங்கே ராஜா முடிதுறந்ததும் அவர்களும் திகைத்துப்போய்த் தங்கள் சபையைப் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. சாக்சனிக்கு முதல் பேராயராக லுட்விக் இமெல்ஸ் வந்தது 1922இல். தாய்வீட்டுக்கு ஒரு வருஷம் முந்திவிட்டாள் தரங்கம்பாடி மகள்.

இதே கொந்தளிப்பில் ராஞ்சியில் வேறு மாதிரி நடந்தது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் உராவ், முண்டா மக்களிடையே ஜெர்மனியின் காஸ்னர் மிஷன் வேலை செய்தது. அங்கேயும் ஜெர்மன்காரர் போனார்கள். ஆங்கிலிக்கன் சபை தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டது. அதோடு இணைந்துவிடும் வழி திறந்தே இருந்தும் ஆதிவாசி லுத்தரன்கள் இணங்கவில்லை. 1919 ஜூலை 10ஆம் தேதி தாங்கள் சுயாதீனத் திருச்சபை என்று அறிவித்து, ஹானுக் தத்தோ லக்ராவைத் தலைவராக உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரர் இல்லாமலே.

நம் பக்கம் அப்படிச் செய்யவில்லை. சுவீடன்காரர்கள் கைகொடுக்கத் தயாராக நின்றதே அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். உதவி கையருகே இருந்தால் நாம் எழுந்து நிற்பது தள்ளிப்போகும். ஹியூமனுக்குப் பிறகு பெக்ஸல், பெக்ஸலுக்குப் பிறகு சண்டேகிரன், மூவருமே சுவீடன்காரர். சண்டேகிரன் மதுரையில் பிறந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கணக்கு என்னவோ உறுத்துகிறது. தரங்கம்பாடி மிஷனில் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றது 1733இல். இந்த லுத்தரன் திருச்சபைக்கு முதல் தமிழ்ப் பேராயர் வந்தது 1956இல். இடையில் 223 வருஷம். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இலேயே தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் பேராயர் ஆகிவிட்டார்.

அந்த அசரியாவும் 1919இல் தரங்கம்பாடிக்கு வந்தார். மே 1, 2 தேதிகளில் பல சபைகளைச் சேர்ந்த 33 போதகர்கள் அங்கே கூடி, தென்னிந்தியாவில் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு பேர் தவிர அத்தனை பேரும் இந்தியர்கள். அந்த விதை முளைத்து, நாடு விடுதலையாகி ஆறு வாரம் கழிந்து, 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், யாருடைய ஊரில் அந்த அறிக்கை எழுதப்பட்டதோ அந்த லுத்தரன் திருச்சபை அதில் சேரவில்லை. தனியாகவே இருக்கிறது.

காகிதத்தில் திருச்சபை ஆகிவிடலாம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தமிழ்ச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளக்கும்போதே வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்குப் போகும். அறுப்பின் பண்டிகையில் ஒரு புடலங்காய் ஏலத்தில் பத்துப் புடலங்காய் விலைக்குப் போகும், வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வார். வெளிநாட்டுப் பணம் பழகிய சபைக்கு இது போதாது. பெரிய பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கடல் கடந்த காணிக்கை வெகுகாலம் தேவைப்பட்டது. ஆனால் தன் அரிசியைக் கொடுத்த அம்மாள் கணக்குக் கேட்பாள். லைப்சிக்கிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. லைப்சிக் ஐயர்மார் சாதி விஷயத்தில் மற்ற மிஷன்களைவிட விட்டுக்கொடுத்தே போனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெரிய சண்டையாகவே நடந்தது. நிர்வாகம் தமிழர் கைக்கு வந்தபோது அந்தப் பழைய பாக்கியும் கூடவே வந்து சேர்ந்தது. அதற்குக் கப்பல் ஏறிப் போனவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

1920களில் ஜெர்மன் மிஷனெரிகளுக்குத் திரும்பிவர அனுமதி கிடைத்தது. வந்தார்கள். தாங்களே கட்டிய வீட்டுக்கு விருந்தாளிகளாக. சாவி இப்போது வேறு கையில். 1939இல் அடுத்த யுத்தம் வந்து ஜெர்மன்காரர்கள் மறுபடியும் கைதானபோது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இருந்த திகில் சபையில் இல்லை.

1956 ஜனவரி 14. அதே தேதியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கடலூர்க்காரரான ராஜா பூஷணம் மாணிக்கம் அன்று தரங்கைப் பேராயர் ஆனார். தரங்கம்பாடியில் இப்போதும் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் முத்திரையும் சுதையில் நிற்கின்றன. சீகன்பால்க் 1718இல் கட்டியது அது, அவர் கல்லறையும் உள்ளேதான். அந்தப் பேராயர் பட்டத்தில் இன்றைக்கும் தரங்கை உண்டு. பேராயர் குடியிருப்பது மட்டும் திருச்சியில். அந்த வீட்டுக்குப் பெயர் தரங்கைவாசம்.