சார்பு செய்யாத பிடிவாரண்ட்

2022 ஆகஸ்டில் எம்மட் டில் கொலை வழக்கின் கடைசிக் கதவும் மூடியது. கரோலின் பிரையன்ட் டோனம் மீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று மிசிசிப்பியின் லெஃப்ளோர் கவுண்டி கிராண்ட் ஜூரி கைவிரித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கிரீன்வுட் நீதிமன்றத்தின் அடித்தளத்தில், ஒரு பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண்மணியின் மீதான ஆள்கடத்தல் பிடிவாரண்ட் வெளியே வந்தது. தேதி 1955 ஆகஸ்ட் 29. சார்பு செய்யப்படவே இல்லை, அவையோரே!

டில்லுக்கு வயது 14. சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த கறுப்பினச் சிறுவன். மணி என்ற சிற்றூரின் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்பது புகார். அந்தப் பெண்தான் கரோலின். அவருடைய கணவன் ராய் பிரையன்ட்டும், ராய்க்கு அண்ணன் முறையான ஜே. டபிள்யூ. மிலமும் 1955 ஆகஸ்ட் 28ஆம் தேதி பின்னிரவில் சிறுவனைத் தூக்கிச் சென்றார்கள். 31ஆம் தேதி டாலஹாச்சி ஆற்றில் பிணம் கிடைத்தது. கழுத்தில் முள்கம்பி, அதில் பருத்தி அரவை ஆலையின் கனத்த இரும்பு விசிறி. சிகாகோவில் தாய் மேமி சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். சிதைந்த அந்த முகத்தை உலகமே பார்த்தது.

பார்க்க மறுத்தவர் ஷெரிப் ஸ்ட்ரைடர். பிரையன்ட், மிலம் மீதான கொலை வழக்கில், பிணம் டில்லுடையதா என்பதே சந்தேகம் என்று சாட்சி சொன்னார். விரலில் கிடந்த தகப்பனார் மோதிரமும் அந்தக் கண்ணில் படவில்லை! ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளை ஆண்கள். 67 நிமிடத்தில் இருவருக்கும் விடுதலை. நடுவில் சோடா குடிக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் முடித்திருப்போம் என்று ஒருவர் பெருமை வேறு பேசினார். 1956 ஜனவரியில் கொலைகாரர்கள் பணம் வாங்கிக்கொண்டு ‘லுக்’ பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கிடையாதாம்!

சரி, கரோலின் மீது வழக்கே தொடரப்படவில்லையே? ஆள் கவுண்டியில் இல்லை என்று வாரண்ட்டின் பின்புறம் எழுதிவைத்தார்கள். அதே பெண், நான்கு வாரத்துக்குள் பக்கத்துக் கவுண்டியின் சம்னர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தார்! சின்னக் குழந்தைகளின் தாயைத் தொந்தரவு செய்வானேன் என்று அன்றைய லெஃப்ளோர் ஷெரிப் இரங்கினார். மேமியும் தாய்தான். அவருக்கு இரங்க ஒரு ஷெரிப்பும் கிடைக்கவில்லை.

பழங்கதையைக் கிளறாதே என்பார்கள், கிளறினால் நாறுவது யார் வீடு என்று தெரிந்தவர்கள். வாரண்ட் ஆதாரமாகாது என்பார்கள் சட்டம் படித்தவர்கள். அன்றே கைது செய்து விசாரித்திருந்தால் ஆதாரம் கிடைத்திருக்குமா, இல்லையா? தேடாமல் விட்டதும் அரசு. இல்லை என்பதும் அரசு.

2023 ஏப்ரலில் 88 வயதில் கரோலின் இறந்தார். அதுவரை அந்த வாரண்ட்டை எந்த ஷெரிப்பும் சார்பு செய்யவில்லை. டில் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.